சிவப்புக் கோடு

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். நீயும் மச்சானும் உங்கள் மகள் சின்னவளும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கொதிநீர் பட்ட உன் கை ஆறிவிட்டதா? ஆறும்வரை நீ சொல்லச் சொல்ல மச்சானே எழுதட்டும். கணக்கு வாத்தியார் கையெழுத்து, படிக்கச் சிரமமில்லை.

கடிதத்தை ஏன் அச்சடித்து அனுப்புகிறாய் என்று கேட்டிருந்தாய். நேரமில்லை. அலுவலகக் கணினியில் தட்டினால் பத்து நிமிடத்தில் வேலை முடிகிறது. போன் செய்தால் ‘ரெண்டு நிமிஷத்துல வெச்சிடுறே’ என்று நீதான் குறைப்படுகிறாய்.

ஒரு நல்ல செய்தி. இதுவரை லிப்ட் பொருத்துகிறவனாக இருந்தேன். இந்த மாதம் முதல் சரிபார்க்கிறவன். ஒருவன் போல்ட்டை இறுக்கி அதன் மேல் வெள்ளைக் கோடு போடுவான். இன்னொருவன் டார்க் ரெஞ்ச் வைத்துத் திரும்ப இறுக்கிப் பார்ப்பான். வேண்டிய அளவு இறுகியிருந்தால் ரெஞ்ச் உள்ளங்கையில் ‘டிக்’ என்று ஒரு தட்டுத் தட்டும். தட்டினால் சிவப்புக் கோடு. அதற்குப் பிறகு அந்தப் போல்ட்டை யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்தச் சிவப்புக் கோடு இப்போது என்னுடையது.

எனக்கு இறுக்கிக் கொடுப்பவன் பெயர் ஒட்டடைக்கம்பு. உயரம் அப்படி. சுருக்கமாக ஒட்டடை. வேலை சுமார். ‘கையா அது, வெண்ணெயா’ என்று தினமும் கேட்கிறேன். சிரிக்கிறான்.

டம்ளர் மூன்று உடைந்துவிட்டன. கடைக்காரன் வழவழப்பான மட்டச் சரக்கை விற்றிருக்கிறான். மற்றபடி குறையில்லை.

தம்பி


ஜனவரி 27

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

அக்கா சொல்ல, மச்சான் எழுதுகிறார். அவர் கிருபையால் மூவரும் சுகம். உன் சுகத்துக்காக இந்த வீட்டில் தினமும் ஜெபம் உண்டு.

உயர்வு கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் உன் கடிதம் மின்வெட்டு அறிவிப்பு மாதிரி இருக்கிறது. அச்சடித்தால் அச்சடித்துக்கொள், அடியில் கையெழுத்தாவது போடக்கூடாதா? ‘தம்பி’ என்பதைக்கூடவா மெஷின் எழுத வேண்டும்?

ஒட்டடையைத் திட்டாதே. நீ திட்டினால் எப்படி இருக்கும் என்று இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். (எனக்கு நன்றாகவே தெரியும். — மச்சான்.)

என் கை பரவாயில்லை. ஆறுகிறது.

ஆலயத்துக்குப் போகிறாயா? திருவிருந்து எடுக்கிறாயா? போன கடிதத்திலும் கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை.

அன்புடன் அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். தாமதத்துக்கு வேலைதான் காரணம். புதிதாகக் கட்டிய மருத்துவமனை ஒன்றில் இரண்டு லிப்ட். ஒன்று ஆட்களுக்கு, இன்னொன்று நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போவதற்கு. இரண்டும் ஓடத் தொடங்கிவிட்டன, பராமரிப்பும் எங்களுடையது என்பதால் இன்னும் தினமும் அங்கேதான் வேலை.

ஆலயத்துக்குப் போகிறேன். கடைசி வரிசையில், கதவோரம். திருவிருந்து எடுக்கவில்லை. இங்கே படியேறிப் போய் மண்டியிட்டு, திராட்சரசப் பாத்திரத்தை நாமே கையில் வாங்கிக் குடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் களைப்பு. அவ்வளவுதான். இதை ஆராய்ச்சி செய்ய வேண்டாம்.

ஒன்று கேட்க வேண்டும். அப்பாவின் ஷூ எந்த இடத்தில் தேயும்? குதிகாலிலா, முனையிலா? சும்மாதான் கேட்கிறேன்.

தம்பி


மார்ச் 2

அன்பான தம்பிக்கு,

கடிதம் இன்று காலையில் வந்தது. இன்றே பதில். நாங்கள் சுகம்.

முனையில். இரண்டு ஷூவும் முனையில்தான் தேயும், வலதில் அதிகம். குதிகால் புதிதாகவே இருக்கும். முனை ஓட்டையாகிச் சாக்ஸ் தெரிந்தது உனக்கே நினைவிருக்குமே. நடக்கும்போது பாதம் தரையில் உரசும் சத்தம் அப்பாவுக்கு முன்னால் வீட்டுக்குள் வரும்.

ஏன் கேட்டாய்?

நேரமில்லாததால்தான் அச்சடிக்கிறாயா? உண்மையைச் சொல்.

அக்கா


மார்ச் 30

தம்பிக்கு,

நாலு வாரமாகப் பதில் இல்லை. போன் அடித்தால் ‘வேலையில இருக்கேன்’ என்று வைத்துவிடுகிறாய். உன் மச்சான் நேரில் கிளம்பி வரட்டுமா என்கிறார். உடம்பு எப்படி இருக்கிறது? ஒரு வரி போதும். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, கையால் எழுது.

அக்கா


ஏப்ரல் 24

அக்காவுக்கு,

மச்சான் வர வேண்டாம். சொல்லிவிடுகிறேன். வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே நீ எதுவும் பேச முடியாது என்பதுதான் கடிதத்தில் இருக்கிற ஒரே வசதி.

என் ஷூ முனையில் தேய்கிறது. இரண்டும். தேய்மானத்தைப் பார்த்து மெஷினுக்கு என்ன கோளாறு என்று சொல்வது என் தொழில். அந்த ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரிடம் போனேன். கையிலும் காலிலும் ஊசி குத்தி மின்சாரம் விட்டுப் பார்த்தார். எங்கள் பாஷையில் சொன்னால் வயரிங் பழுது. நரம்பு வழியாகப் போக வேண்டியது போய்ச் சேரவில்லை. விரல் நுனியும் பாதமும் முதலில் மரத்துப்போகும், பிறகு பலம் குறையும். மெதுவாகத்தான் ஏறும், உயிருக்கு ஆபத்தில்லை, மருந்தும் இல்லை. ‘வீட்ல வேற யாருக்காவது இருக்கா?’ என்று கேட்டார். அப்பா என்றேன். என்ன செய்தார் என்றார். பாத்திரங்களைக் கீழே போடுவார், தள்ளாடுவார், நாங்கள் குடிக்கிறார் என்று நினைத்தோம் என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

திருவிருந்தில் அப்பா பாத்திரத்தைச் சிந்திய நாளில், வீட்டுக்கு வந்து அவர் முகத்துக்கு நேராக ‘குடிகாரன்’ என்று சொன்னவன் நான். பதினாறு வயது. அவர் மறுத்துப் பேசவில்லை. அதற்கப்புறம் சாகும்வரை ஆலயத்தில் அவர் படியேறவே இல்லை.

இதெல்லாம் பெரிய விஷயமில்லை. இனி வருவதுதான்.

ரெஞ்சின் டிக் என் கைக்குத் தெரிவதில்லை. மெஷின் அறையில் இருக்கிற இரைச்சலில் காதுக்கும் கேட்காது. நான் இழுப்பேன், ஒரு கட்டத்தில் பிடி சட்டென்று விடும், டிக் என்று எண்ணிச் சிவப்புக் கோடு போட்டுவிடுவேன். போன வாரம் வெளிச்சத்தில் கையைப் பார்த்துக்கொண்டே ஒரு போல்ட்டை இழுத்தேன். விட்டது ரெஞ்ச் இல்லை அக்கா. என் விரல்கள். பலமில்லாமல் நழுவுவதைத்தான் இத்தனை நாளும் டிக் என்று நினைத்திருக்கிறேன்.

ஒட்டடையும் மனிதன்தான், பத்தில் ஒன்றைத் தவறவிடுவான். அதைப் பிடிக்கத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். நான் எத்தனையைப் பிடிக்காமல் விட்டேன் என்று எனக்குத் தெரியாது. கட்டில் லிப்ட்டில் மட்டும் என் சிவப்புக் கோடு நாற்பத்து நாலு. அதில் எட்டு, பிரேக்கைத் தாங்குகிறவை. அந்தப் பெட்டியில் நோயாளியை ஏற்றிக்கொண்டு ஏழாவது மாடிக்குப் போகிறார்கள். நான் தினமும் கீழே நின்று கதவுக்கு மேல் ஓடும் எண்ணைப் பார்க்கிறேன். அது நிற்கும்வரை அங்கிருந்து நகர்வதில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும், அது ஒன்று. இன்னொன்றை உன்னிடம் மறைக்கவில்லை: கையால் ஆகாதவன் என்று என் வாயால் சொல்ல வேண்டும். என்னால் அது முடியாது. கையைத் திருப்பிக் கொடு என்று ஜெபிக்கிறேன். ஏற்றுக்கொள் என்று நீ எழுதாதே. எழுதினால் கிழித்துவிடுவேன். கிழிக்கக்கூட ஐந்து நிமிடம் ஆகும்.

தம்பி


ஏப்ரல் 30

தம்பிக்கு,

முதலில் லிப்ட்டை நிறுத்து. அப்புறம் ஜெபம் பண்ணு.

நலம் விசாரிக்க எனக்கு இப்போது நேரமில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு போகிறவனுக்கு உன் ரோஷம் தெரியாது. அவன் மேலே இருக்கிற விளக்கைப் பார்த்துக்கொண்டு போகிறான். போ. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு.

உன் கடிதத்தை மச்சான் படித்துக் காட்டினார். படிக்கும்போது இரண்டு முறை நிறுத்தினார். அப்பாவைப் பற்றி நீ சொன்னதுக்கு இன்னொரு நாள் பதில் சொல்கிறேன். நானும் அன்றைக்கு அந்த வீட்டில்தான் இருந்தேன். நானும் சும்மாதான் இருந்தேன்.

அக்கா

(அவள் சொல்லாத எதையும் எழுதக்கூடாது என்று எனக்குக் கட்டளை. அதனால் இத்துடன் நிறுத்துகிறேன். — மச்சான்.)


மே 11

அன்புள்ள அக்காவுக்கு, மச்சானுக்கு,

நலம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருக்கிறேன். நடந்ததை எழுதுகிறேன்.

உன் கடிதம் கிடைத்த பிறகும் நான் சொல்லவில்லை. நானே எல்லாவற்றையும் திரும்பச் சரிபார்த்துவிட்டால் சொல்ல வேண்டியதில்லையே என்று ஒரு கணக்கு. கைதான் பழுது, அதே கையைக் கொண்டு அந்தக் கை செய்த வேலையைச் சரிபார்க்கப் போனேன். படித்தவன் போட்ட திட்டம்.

சாப்பாட்டு இடைவேளையில் மெஷின் அறைக்கு ஏறினேன். கட்டில் லிப்ட்டை ஆள் இல்லாமல் மேலே நிறுத்தி, மெயினை அணைத்தேன். ரெஞ்சை இடது கையில் பிடித்து, முழங்கையால் அழுத்திப் பார்த்தேன். மூன்றாவது போல்ட்டில் ரெஞ்ச் நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். மறுபடி விழுந்தது. திரும்பினால் வாசலில் ஒட்டடை, கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நிற்கிறான்.

‘டிக் விழுந்துச்சா?’ என்றான்.

‘விழுந்துச்சு.’

‘ரெஞ்ச்தான் விழுந்துச்சு. டிக் விழல.’

‘போய் உன் வேலையப் பாரு.’

அவன் போகவில்லை. ‘ஒரு மாசமா பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். பேனா மூடியக்கூட பல்லால திறக்கிற. கேக்கலாம்னு வாய் வரைக்கும் வரும். கேட்டா நீ கடிப்ப’ என்றான்.

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். அக்கா, நான் வேண்டுமென்று உட்காரவில்லை, கால் மடங்கிவிட்டது. ‘என் கைக்குத் தெரியல. ஜனவரியிலேர்ந்தே தெரியல. நீ பாத்துச் சொல்லு’ என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். சொன்னதும் சுமை இறங்கும் என்பார்களே, எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. 

ஒட்டடை ரெஞ்சை எடுத்தான். பிரேக்கின் எட்டில் ஆறு உடனே தட்டின. ஏழாவது அரைச் சுற்றுச் சுற்றியது. எட்டாவதுக்கு ரெஞ்சே தேவைப்படவில்லை. டார்ச் அடித்தான். அந்தப் போல்ட் தானாகத் திரும்பியிருந்தது. நான் ஒரே நேராகப் போட்ட சிவப்புக் கோடு இரண்டாகப் பிரிந்து, பாதி போல்ட்டின் தலையிலும் பாதி தகட்டிலும் நின்றது. நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி.

ஒட்டடை எழுந்தான். மெயின் சுவிட்சுக்குப் போய்ப் பூட்டுப் போட்டு, சாவியை என் சட்டைப் பையில் போட்டான். ‘வா, சொல்லிடலாம்’ என்றான். நான் எழுந்திருக்க, அவன் என் கக்கத்தில் கை கொடுக்க வேண்டியிருந்தது.

சூப்பர்வைசர் ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் நீட்டிய பட்டியலைப் பார்த்தார்.  நான் கோடு போட்ட எல்லா லிப்ட்டையும் நிறுத்தச் சொல்லி உடனே போன் செய்தார். நாங்கள் கீழே வந்தபோது கட்டில் லிப்ட்டின் கதவுக்கு வெளியே ஒரு கிழவர் தள்ளுகட்டிலில் காத்திருந்தார். தள்ளுகிறவர் என்னைப் பார்த்து, ‘புது லிப்ட்டுன்னாங்க, அதுக்குள்ள படுத்துருச்சா?’ என்று கேட்டார். கிழவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

வேலை இருக்கிறதா என்பது தெரியவில்லை. வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். சட்டைப் பொத்தான் போட இருபது நிமிடம் ஆகிறது. இதற்குப் பிறகு என்ன போகும், எப்போது போகும்? தனியாக இருக்கும்போது ஒவ்வொரு விரலாகக் கிள்ளிப் பார்க்கிறேன்.

தம்பி


மே 29

மச்சான் எழுதுகிறேன். இதை உன் அக்கா சொல்லவில்லை. கடைக்குப் போயிருக்கிறாள், சின்னவள் கையைப் பிடித்துக்கொண்டு. திரும்புவதற்குள் முடிக்க வேண்டும்.

அவள் கையில் கொதிநீர் படவில்லை. மூன்று வருஷமாக அவளுக்கும் உனக்கு இருப்பதுதான். முதல் ஒரு வருஷம் என்னிடமே மறைத்தாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் உடைந்த பாத்திரம் எல்லாம் குப்பையில் காகிதத்துக்கு அடியில் இருக்கும். அப்பாவுக்குக் கொடுத்த ‘குடிகாரன்’ பட்டத்தை நீ தனக்கும் கொடுப்பாயோ என்று பயந்தாள். பிறகு, உனக்கும் வருமோ என்று பயந்தாள். நீ அச்சடித்த முதல் கடிதம் வந்த அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேட்கத் தைரியமில்லாமல் ‘கையெழுத்துப் போடு’ என்று மட்டும் எழுதச் சொன்னாள்.

இப்போது அவள் பொத்தான்களை நான் போட்டுவிடுகிறேன். வகுப்பில் நாற்பது பேரைச் சமாளிப்பவனை ‘மெதுவாங்க, மூச்சு முட்டுது’ என்று விரட்டுகிறாள்.

ஆலயத்தில் படியேறுவதில்லை. முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். போதகர் பாத்திரத்தோடு இறங்கி வந்து அவள் உதட்டில் வைப்பார். முதல் முறை எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தலையைத் தூக்காமல் அழுதாள். இரண்டாவது முறை வெளியே வந்து, ‘மனுஷர் ரொம்ப சாய்ச்சுட்டார், மூக்குல போயிடுச்சு’ என்றாள். நான் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பயம் அவளுக்கும் போகவில்லை. உன்னைத் தேற்ற எழுதவில்லை, நீ தனி ஆள் இல்லை என்று சொல்லத்தான் எழுதினேன். வந்துவிட்டாள். பாதம் உரசும் சத்தம் கேட்கிறது.


ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சொல்ல, ஒட்டடை எழுதுகிறான். உன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். உடம்பு அப்படியே இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உன் உடம்பை இனி நிஜமாக விசாரிக்கிறேன்: எந்த விரல்? எந்த அளவுக்கு? எழுது.

மச்சானைத் திட்டாதே. அவர் எழுதியிராவிட்டால் நாம் இரண்டு பேரும் நலம் நலம் என்று எழுதியே செத்திருப்போம்.

வேலை இருக்கிறது. சிவப்புப் பேனாவை வாங்கிக்கொண்டார்கள். இப்போது ஒட்டடை சரிபார்க்கிறவன். நான் பட்டியலைப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சொல்கிறேன், அவன் இழுக்கிறான், டிக் என்றால் ‘ஆச்சு’ என்பான், நான் குறிக்கிறேன். என் கோடு இருந்த இருநூற்றுப் பதினேழு போல்ட்டையும் இப்படிப் பார்த்து முடித்தோம். மொத்தம் ஐந்து தளர்ந்திருந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகிவிட்டதாகக் கனவு மட்டும் வருகிறது. (தூக்கத்தில் எண் சொல்கிறான். ஒரே அறையில் தங்கிய பாவத்துக்கு நான் ‘ஆச்சு’ சொல்ல வேண்டியிருக்கிறது. — ஒட்டடை.)

போன ஞாயிறு திருவிருந்து எடுத்தேன். தாழ்மை என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் நாமாகக் குனிவது என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு அது கௌரவமாகவும் தோன்றியது. குனிந்த பிறகு எழ இன்னொருவன் வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. மண்டியிட்டேன். பாத்திரம் வந்தபோது கையை நீட்டாமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன். போதகர் ஒரு நொடி நின்றார். ‘கை பிடிக்காது, ஐயா’ என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் ஆலயம் முழுக்கக் கேட்ட மாதிரி இருந்தது. அவர் என் தாடையைப் பிடித்துக் குடிக்க வைத்தார். அப்பாவுக்கு இந்த மூன்று வார்த்தையைச் சொல்ல ஒரு வழி விட்டிருக்கலாம், நாம்.

எழுந்திருக்க முடியவில்லை. இந்த ஒட்டடை நம் ஆலயத்துக்காரன் இல்லை, வாசலில் சும்மா நிற்கிறேன் என்று வந்தவன், செருப்போடு ஓடிவந்து தூக்கினான். (செருப்பைக் கழற்றத் தோன்றவில்லை. மன்னிக்கவும். — ஒட்டடை.)

பயம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். காலையில் எழுந்ததும் முதலில் விரல்களைத்தான் எண்ணுகிறேன். ஆனால் கையைத் திருப்பிக் கொடு என்று இப்போது கேட்பதில்லை. இன்றைக்குப் போதுமான ஆளைக் கொடு என்று கேட்கிறேன்.

கடைசியாக ஒன்று. இதைக் கேட்காமல் மூன்று நாள் தள்ளிப் போட்டேன். சின்னவளின் ஷூவைத் திருப்பிப் பார்த்தாயா? பார்த்திருந்தால் மறைக்காதே.

கீழே இருப்பது நான் போட்ட கையெழுத்து. கோணல்தான். நீ கேட்டாய்.

தம்பி


ஜூலை 5

அன்பான தம்பிக்கு,

உன் கையெழுத்தைச் சின்னவள் நண்டு என்கிறாள். பத்திரமாக வைத்திருக்கிறேன். எனக்கு வலது கையில் கட்டை விரல் மட்டும் மிச்சம், இடது இன்னும் உழைக்கிறது. பாதம் இரண்டும் உன்னைப் போலத்தான். நிஜமாக விசாரித்ததுக்கு நிஜமான பதில்.

பார்த்தேன். இரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். சனிக்கிழமைதோறும் அவள் குளிக்கப் போனதும் ஷூவை எடுத்துத் திருப்பி, ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்ப்பேன். மச்சானுக்கும் தெரியாது. (இப்போதுதான் எனக்கே தெரிகிறது. — மச்சான்.) இன்றுவரை குதிகாலில்தான் தேய்கிறது. இன்றுவரை.

போன சனிக்கிழமை அவள் சீக்கிரமே வந்து பார்த்துவிட்டாள். ‘என் ஷூவுல என்னம்மா தேடுற?’ என்றாள். ஒன்றுமில்லை என்று வாயில் வந்துவிட்டது. உன் கடிதம் மேஜைமேல் இருந்தது. உட்கார வைத்துச் சொன்னேன். தாத்தாவைப் பற்றி, என்னைப் பற்றி, உன்னைப் பற்றி, அவளுக்கும் வரலாம், வராமலும் போகலாம் என்பது வரைக்கும். ஒன்பது வயது.  அவள் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள்.

நேற்றுச் சனிக்கிழமை. குளிக்கப் போவதற்கு முன்னால் அவளே ஷூவைக் கொண்டுவந்து, அடிப்பக்கத்தைத் திருப்பி, என் மடியில் வைத்தாள்.

அக்கா